எட்டுப் பாட்டும் தறி ஓடாத நாட்களும்

எங்கள் ராக் இசைக் குழுவில் மொத்தம் மூன்று பேர். கிடார் வாசித்தவன் திண்டுக்கல்லில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் பழகியவன். டிரம்ஸ் வாசித்தவன் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டியில் கணக்குப்பிள்ளை. நான் டுடோரியல் காலேஜில் கணக்கு வாத்தியார், பேஸ் கிடாரும் பாட்டும் என் பொறுப்பு. எட்டுப் பாட்டு தயாராக இருந்தது. அதை ஒரு கேசட்டாகப் போட வேண்டும் என்பது ஆசை. ஆசையைக் கேட்டவர்கள் எல்லோரும் சாமிப் பாட்டா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. நாங்கள் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு அந்த முதலாளி, "மெஷின் தாங்காது தம்பி" என்றார். அடுத்ததாகக் கிடைத்தது சின்னாளப்பட்டியில் ஒரு வீட்டுக்குள் இருந்த ஸ்டுடியோ. கோழிப்பண்ணையில் வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, ஜன்னலை மெத்தையால் அடைத்து வைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். நாலு டிராக் மெஷின் ஒன்றும் இருந்தது. ஸ்டுடியோக்காரருக்கு எங்கள் பாட்டு பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை வைத்து அப்படி முடிவு செய்துகொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு குறை. அது நெசவாளர் தெரு. இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு தறி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி எட்டு வரை டக்கு டக்கென்று அடிக்கும். அதற்குப் பிறகு பதிவு செய்யலாம் என்றால், ஸ்டுடியோக்காரர் வீட்டில் எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது, அவர் மனைவி அதில் கண்டிப்பு. ராக் இசையே இரைச்சல்தானே, அதில் தறிச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது என்று பலர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். எங்கள் பாட்டுகளில் மெல்லிசாகக் கிடார் மட்டும் ஒலிக்கும் இடங்கள் நிறைய. அந்த இடங்களில் மைக் தறியைத்தான் பிடித்தது. குறிப்பாக, ஸ்டுடியோவோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீட்டின் தறியை.

அந்தத் தறி ஓர் அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, ஒரு மகள். ஸ்டுடியோக்காரர் போய், ஒரு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டார். நாங்கள் பின்னால் பவ்யமாக நின்றோம்.

"நான் நிறுத்துனா எதுத்த வீட்டுக்காரன் நிறுத்துவானா? இந்தத் தெருவுல எல்லாத் தறியவும் நிறுத்தச் சொல்ற அதிகாரம் ஒருத்தருக்குத்தேன் இருக்கு" என்றார் அக்கா.

"யாருக்குக்கா?" என்றேன்.

"செத்தவுகளுக்கு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அந்தத் தெருவின் வழக்கமே அதுதான். தெருவில் ஒரு சாவு விழுந்தால் யாரும் தறியில் கை வைக்க மாட்டார்கள். சாயங்காலம் பிணத்தை எடுக்கும் வரை அழுகையும் கொட்டுச் சத்தமும் இருக்கும். ஊர்வலம் தெருமுனை தாண்டிவிட்டால் ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டில் இருப்பார்கள், பெண்கள் வீடு கழுவிக் குளிக்கப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வரும் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. ஸ்டுடியோக்காரர் இதை எங்களிடம் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாங்களும் தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றோம்.

அப்படித்தான் எங்கள் ஆல்பம் உருவானது. சாவு விழுந்ததும் ஸ்டுடியோக்காரர் என் வீட்டுக்குக் கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். "இன்னைக்குத் தறி ஓடலை" என்று மட்டும் சொல்லுவார். பூத்துக்காரர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே அனுப்புவார். நான் மற்ற இருவருக்கும் சொல்லுவேன். டிரம்ஸ்காரன் மண்டியில் துஷ்டிக்குப் போக வேண்டும் என்று லீவு கேட்பான். அவன் பொய் சொல்லவில்லை. சின்னாளப்பட்டியில் உனக்கு எத்தனை சொந்தம்தான் இருக்கு என்று அவன் முதலாளி ஒருமுறை வியந்திருக்கிறார்.

முதல் சாவில் ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் எல்லாம் தயாராகி, நான் வாயைத் திறந்தபோது கரண்ட் போய்விட்டது.

"இந்தச் சாவு வீணாப் போச்சுங்க" என்றான் டிரம்ஸ்காரன்.

நாங்கள் இருவரும் ஆமாம் என்று தலையாட்டினோம். அதில் என்ன தப்பு என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாலாவதில் இரண்டு, ஐந்தாவதில் இரண்டு. ஒன்றரை வருடத்தில் ஏழு பாட்டு.

ஐந்து பிணமும் ஸ்டுடியோ வாசலைக் கடந்துதான் போனது. நாங்கள் ஒன்றின் பின்னாலும் போகவில்லை. எங்களுக்கு அவர்களைத் தெரியாது என்று காரணம் வைத்திருந்தோம். அக்கா மட்டும் இதை விடவில்லை. ஒத்திகைக்குப் போகும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"என்னலே, இன்னைக்கு எவனும் சாகலையா?"

இன்னொரு நாள் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "எழவுக்கு வர்றவன் ஒரு மாலையாவது கொண்டாருவான். நீங்க கிடாரத் தூக்கிட்டு வர்றீகளே, வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே கேட்டதால் நாங்களும் சிரித்து வைத்தோம். அன்று அவர் கொடுத்த காப்பியையும் குடித்தோம்.

இதற்குள் கிடார்காரனுக்கு மஸ்கட்டில் வேலை வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். அவன் போனால் மூன்று வருடத்துக்கு வர மாட்டான், வந்தாலும் கிடாரைத் தொடுவான் என்பதற்கு உத்தரவாதமில்லை. பாக்கி ஒரே ஒரு பாட்டு. எட்டில் அதுதான் நல்ல பாட்டு. முதல் இரண்டு நிமிடம் கிடார் மட்டும்தான், அதுவும் விரல் நுனியால். அது இல்லாமல் கேசட் போடுவதில்லை என்று மூவரும் பிடிவாதமாக இருந்தோம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் சும்மா போய்ப் பார்த்தோம். தெரு முழுக்கத் தறி ஓடியது. அக்காவுக்குக் காய்ச்சல், இருமிக்கொண்டே நெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் தறியை நிறுத்திவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு மறுநாள் சேலை கொடுக்க வேண்டியிருந்தது. மைக்கில் மற்ற தறிகள் எல்லாம் தெளிவாக விழுந்தன. அரை மணி நேரம் முயன்றுவிட்டு வெளியே வந்தோம்.

"முடிஞ்சுச்சா அப்பு?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"நா வேணா செத்துப் போகவா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நாங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினோம்.

செவ்வாய்க்கிழமை காலை சீட்டு வந்தது. இன்னைக்குத் தறி ஓடலை. எனக்கு வந்தது சந்தோஷம். இதை மறைத்துப் பயனில்லை. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது ஸ்டுடியோவை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தது. அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, திங்கட்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். கிடார்காரன் கிடாரை அப்படியே கீழே வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். நிலக்கோட்டை மல்லிகையில் கட்டிய பெரிய மாலையாக வாங்கி வந்தான். மூவரும் சேர்ந்து அதைப் போட்டோம். எனக்கு அழுகை வந்தது.

நாலரை மணிக்கு எடுத்தார்கள். டிரம்ஸ்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புறப்பட்டுவிட்டான்.

"போலாமுங்க" என்றான்.

கிடார்காரன் என்னைப் பார்த்தான். அவனுக்கு இருந்தது ஒரு நாள்.

நான்தான் சொன்னேன். "ரெண்டு டேக்குல முடிச்சிட்டு ஓடிப் போயிரலாம். சுடுகாடு பக்கந்தான்."

இரண்டு டேக்கில் முடியவில்லை. டிரம்ஸ் வந்து சேரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏதோ இடறியது. ஒத்திகையில் ஒருமுறைகூட அங்கே தப்பாதவன் அவன். ஐந்தாவது டேக் சரியாக வந்தது. நன்றாகவே வந்தது. ஸ்டுடியோக்காரர் மயானத்துக்குப் போகாமல் எங்களுக்காக மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார்.

வெளியே வந்தபோது பந்தல் வாடகைக்காரர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பாட்டு முடிஞ்சிருச்சாண்ணே?" என்றாள்.

"முடிஞ்சிருச்சும்மா."

"ஞாயித்துக்கெழம நீங்க போனப்பறம் அம்மா சொல்லுச்சு. நா போறப்பவாவது அந்தப் பயலுக கூட நாலு எட்டு நடந்து வருவானுக, பாருன்னு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அம்மா சொன்னதைச் சொன்னாள், அவ்வளவுதான். நாங்கள் மயானப் பாதையில் ஓடினோம். பாதி தூரத்தில் ஆட்கள் ஈர வேட்டியோடு எதிரே வந்துவிட்டார்கள். அதற்கு மேல் அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களோடு திரும்பி நடந்தோம்.

கிடார்காரன் வியாழக்கிழமை போய்விட்டான். கேசட் வெளிவந்தது. பாட்டுக் கேட்டவர்கள் குறைவு, கேட்டவர்களுக்கெல்லாம் எட்டாவது பாட்டுதான் பிடித்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு சவுண்ட் என்ஜினியர் அதன் ஆரம்பத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டார். அந்தத் தெருவை அவருக்குத் தெரியும். அவ்வளவு தறிக்கு நடுவில் இந்த அமைதியை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

நல்ல மைக் சார் என்றேன்.