டியூட்டி ஃப்ரீ பெட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில், இல்ஃபோர்டில் அக்கா வீட்டு மேலறையில் இருந்தேன். அத்தானுக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் வேலை; சிகரெட்டும் அங்கே விற்பார்கள். பங்குனியில் பட்ஜெட் வரும். சிகரெட்டுக்கு இத்தனை பென்ஸ் கூட்டு என்று நிதியமைச்சர் சொன்னால் அன்று பின்னேரமே புது விலை. செட்டில் விலைச்சீட்டை மாற்றுவதும் அத்தான்தான், மாற்றிய கையோடு முதல் பக்கெற்றை வாங்குவதும் அத்தான்தான். "இன்னொருக்கா கூட்டினா விட்டிடுவன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள், இவர் ஊதிக்கொண்டே போனார்.

ஒரு மாசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு சிகரெட்டும் தொடக்கூடாது, தொட்டால் அடுத்த முறை தப்பமாட்டீர்கள் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் விலையும் கூடியது. அத்தான் விட்டே விட்டார். பின்கதவுப் படியில் கிடந்த சாம்பல் கிண்ணத்தை அக்கா கழுவி, அதில் செத்தல் மிளகாய் போட்டு வைத்தாள். அவர் நாள் முழுக்க ஏலக்காய் மென்றார், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். ஆனாலும் ஐந்து மாதம் தொடவில்லை.

ஆவணியில் நான் ஒரு கலியாணத்துக்குக் கனடா போனேன். விமானத்தில் வருபவர் வெறுங்கையோடு வீடு திரும்புவது எங்களுக்குள் வழக்கமில்லை. பெண்களுக்கு சென்ற், பிள்ளைகளுக்கு சொக்லேட், ஆண்களுக்கு வரியில்லாத சிகரெட். ரொறொன்ரோ விமான நிலையத்தில் என் கை தன்பாட்டில் அத்தானின் சிகரெட்டில் ஒரு பெரிய பெட்டியை எடுத்தது. லண்டன் விலையைவிட எவ்வளவு மலிவு என்ற சந்தோஷம் வேறு. மூளையை எங்கே அடகு வைத்தேனோ, இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டில் பையைத் திறந்தபோதுதான் உறைத்தது. மூடுவதற்குள் அத்தான் கண்டுவிட்டார்.

"மறந்துபோய் வாங்கிட்டன் அத்தான். குப்பையில போடுறன்."

"உனக்கென்ன விசரே? எனக்கெண்டு இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறாய். தா, ஒண்டே ஒண்டு."

"இஞ்சேருங்கோ, வேண்டாம்" என்றாள் அக்கா.

அவர் பெட்டியோடு பின்பக்கம் போனார். நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அக்கா என்னை ஏசவில்லை. "ஒவ்வொருக்காலும் விலை கூடேக்க நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவன் தம்பி" என்றாள். "எனக்கு அது ஒண்டுதான் துணை."

பிறகு மிளகாயை ஒரு பேப்பரில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் படியில் வைத்தாள்.