பனலுக்குக் கீழே மிளகாய்

நான் படித்தது மின் பொறியியல். படித்து முடித்துச் சில வருடங்கள் கொழும்பில் கட்டடக் கூரைகளில் சோலார் பனல் பூட்டும் வேலை பார்த்தேன். கலியாணத்துக்குப் பிறகு நானும் கணவரும் திருகோணமலைக்கே திரும்பி, லிங்கநகரில் வீடெடுத்தோம். இங்கே என் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும் என்று நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் தேடினார்கள். ஒரே நிலத்தில் மேலே மின்சாரமும் கீழே பயிரும் எடுக்க முடியுமா என்று பரீட்சித்துப் பார்ப்பதுதான் வேலை. கூரையில் பூட்டுகிற பனலை ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அதன் கீழே பயிர் செய்வது. மின்சாரம் என் பொறுப்பு. பயிரைப் பார்க்க விவசாயம் படித்த ஒருவரையும் எடுத்திருந்தார்கள்.

அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாள் அவரை "மிஸ்" என்று கூப்பிட்டேன். "மிஸ் எண்டு பள்ளிக்கூடத்தில கூப்பிட்டுக் கூப்பிட்டே காது புளிச்சுப் போச்சு. ராத்தா எண்டு சொல்லுங்க," என்றார். முன்பு ஆசிரியையாக இருந்தவராம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றையிலிருந்து எனக்கு அவர் ராத்தாதான்.

நிலம் சாம்பல்தீவில் கிடைத்தது. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடிய மணல் கலந்த தோட்டம், ஒரு கிணறு, மூன்று பக்கமும் வேலி. தோட்டத்துக்காரர் விடியப்புறம் கடலுக்குப் போய்வந்து, பின்னேரம் தோட்டம் பார்க்கிற மனிசன். அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவோம். உண்மையில் தோட்டத்தில் கூடுதலாக நின்றது அக்காதான். அண்ணை நிலத்தைத் தந்ததற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, கிணற்று மோட்டருக்கு இனி மண்ணெண்ணெய் ஊற்றத் தேவையில்லை. மற்றது, மத்தியானம் படுக்க நிழல். சட்டம் நட்டு முடிந்த அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து கிணற்றுக்குப் பக்கத்து வரிசையின் கீழே போட்டுவிட்டார்.

மூன்று வரிசையாகப் பனல் பூட்டினோம். இடைவெளி விடாமல் நெருக்கிப் பூட்டியது நான்தான். எனக்குத் தரப்பட்ட இலக்கு அது. இவ்வளவு நிலத்திலிருந்து இவ்வளவு மின்சாரம் வரவேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ராத்தா சட்டத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பந்தல் போட்ட மாதிரி இருக்கு. கலியாணம் வைக்கலாம், கொச்சிக்காய் வைக்க ஏலாது," என்றார். கிண்ணியாவில் மிளகாயைக் கொச்சிக்காய் என்றுதான் சொல்வார்கள். நான் அப்போது சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "நிழலில மிளகாய் வராது பிள்ளை. கத்தரியும் வராது," என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மாரி மழை ஓய்ந்ததும் முதல் நடுகை. பனலுக்குக் கீழே ஒரு பங்கு, வெளியே வெட்டவெளியில் ஒரு பங்கு. இரண்டிலும் ஒரே நாற்று, ஒரே பசளை, ஒரே தண்ணீர். நான் வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் போவேன். நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் பிறகு அவ்வளவு வாகனம் இல்லை. காலையில் அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். தோட்டத்துக்குப் போய் அளவுகளை எடுத்து, பனலில் படிந்த தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவுவித்து, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன்.

பனலின் கீழே நட்ட கன்றுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. இலையெல்லாம் கரும்பச்சை. எனக்குச் சந்தோஷம். படம் எடுத்துத் திட்டப் பணிப்பாளருக்கு அனுப்பினேன். ராத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இலையை அனுப்பியிருக்கிறீங்க. காய் எங்க?" என்றார். காய் இல்லைத்தான். கன்று வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று போனதே தவிர, பூத்தது கொஞ்சம், அதிலும் பாதி உதிர்ந்தது. வெளியே நின்ற கட்டைக் கன்றுகள் பனலின் கீழே நின்றவற்றைவிட நன்றாகக் காய்த்தன. மின்சாரம் என் இலக்கைத் தொட்டது, பயிர் ராத்தாவின் இலக்குக்குக் கிட்டவும் வரவில்லை. ஒரே அறிக்கையில் இரண்டையும் எழுதவேண்டியிருந்தது. அந்தக் கிழமை நாங்கள் இருவரும் அவ்வளவாகக் கதைக்கவில்லை.

இரண்டாவது நடுகை சித்திரை கழிந்து நட்டது. கன்றுகள் வேர்பிடித்த கையோடு கச்சான் காற்றுத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் வருடாவருடம் வருகிற காற்றுத்தான் அது. தென்மேற்கிலிருந்து சூடாக, காய்ந்து, நாள் முழுக்க அடிக்கும். ஒருநாள் காலை தோட்டத்துக்குள் நுழையும்போதே தகரம் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடு வரிசையில் ஒரு பனல் ஒருபக்கம் கழன்று சட்டத்தில் மோதி மோதி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணை கீழே நின்று ஒரு கயிற்றை எறிந்து அதைப் பிடித்துக் கட்டப் பார்த்தார்.

"அண்ணை, வெளியால வாங்கோ! விழுந்தா தலை போயிடும்!" என்று கத்தினேன்.

"விழாது பிள்ளை, நான் பிடிச்சிருக்கிறன்!"

"உங்கட கயிறு அதைப் பிடிக்காது. முதல்ல வெளியால வாங்கோ!"

அக்கா வந்து அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் சுவிட்சை நிறுத்திவிட்டு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பனலைப் பிடித்திருந்த திருகாணிகள் துருவேறிப் போயிருந்தன. கடல் அவ்வளவு கிட்ட, உப்புக் காற்றுக்குத் தாங்கும் ஆணிதான் கேட்டிருந்தோம். வந்தது வேறு. பூட்டும்போது எல்லாம் ஒரே பளபளப்பாக இருந்தன. கிணற்றுப் பக்கத்து வரிசைக்கு மட்டும் முதல் பெட்டியிலிருந்த நல்ல ஆணி போட்டிருந்தோம், அது அப்படியே இருந்தது. மற்ற இரண்டு வரிசையும் ஆபத்து.

கையிருப்பிலிருந்த நல்ல ஆணி பாதிக்குத்தான் காணும். புதுசு வர நாளாகும் என்று சொன்னார்கள். ஒரு வரிசையை முழுதாகக் கழற்றி மற்றதை முழுதாக விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒன்று விட்டு ஒன்று கழற்றினால் இடைவெளியால் காற்றுப் போய்விடும், சட்டத்துக்குப் பாரம் குறையும் என்று தெரிந்தது. பட்டணத்திலிருந்து இரண்டு வேலையாட்களைக் கூட்டிவந்து அப்படியே செய்தோம். வயர்களை மாற்றிக் கட்டினேன். கழற்றிய பனல்களை அக்காவின் வீட்டு விறாந்தையில் சாய்த்துவைத்துச் சாக்கால் மூடினோம். மின்சாரம் குறைந்தாலும் கிணற்று மோட்டர் வழக்கம்போல ஓடியது. எனக்கு மட்டும் மனசு சரியில்லை. பல்லுப் போன வாய் மாதிரித் தெரிந்தன அந்த இரண்டு வரிசைகளும்.

புது ஆணிகள் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. பெட்டி கைக்கு வந்த மறுநாளே அதே வேலையாட்களோடும் ஏணியோடும் போய்விட்டேன். முதலாவது பனலைத் தூக்கிச் சட்டத்தில் வைக்கப்போன நேரம் ராத்தா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் பட்டணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருகிறவர். வந்த களையையும் பாராமல் நேரே ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பிமார், அதைக் கீழ வைங்க. இண்டைக்கு ஏத்த ஏலாது."

"ஏன் ராத்தா? ஆணி வந்திட்டுது," என்றேன்.

"ஆணி வந்தது சரி. இங்க வந்து பாருங்க."

அவர் குந்தியிருந்து ஒரு கன்றைக் கையால் விரித்துக் காட்டினார். நான் வாராவாரம் அந்தத் தோட்டத்துக்கு வந்தவள்தான். ஆனால் என் கண் எப்போதும் மேலேயே இருந்திருக்கிறது. அந்தக் கன்று நெடுக்கவில்லை, நன்றாகக் கிளைவிட்டிருந்தது. கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ. கீழ்க்கிளைகளில் பிஞ்சு இறங்கியிருந்தது. வரிசை நெடுக அப்படித்தான். ராத்தா என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனார். நெருக்கிப் பூட்டிய பனலுக்குக் கீழே போன தடவைபோல வெறும் இலை. பிறகு வெட்டவெளிக்குக் கூட்டிப்போனார். அங்கே கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து கன்றுகளைச் சுருட்டி வைத்திருந்தன. பூ நிலத்தில் கொட்டிக் கிடந்தது.

"நிழலும் வெயிலும் மாறி மாறி விழுகுது. காத்தும் முழுசா அடிக்கல்ல. நிலத்தில ஈரம் நிக்குது," என்றார். "இதை இப்ப மூடினீங்க எண்டா எல்லாப் பூவும் உதிர்ந்திடும்."

எனக்கு விளங்கியது. விளங்கினாலும் என்னுடைய சிக்கலும் சின்னதில்லை. மாத முடிவில் மின்சார அளவு அனுப்பவேண்டும். ஏற்கனவே ஒரு மாதம் குறைந்துபோயிருந்தது. அதைச் சொன்னேன். ராத்தா, "அப்ப போன் எடுங்க. ரெண்டு பேருமே சொல்லுவம்," என்றார்.

பணிப்பாளருக்கு எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் கோபத்தோடு கேட்டார்: "ஒண்டு விட்டு ஒண்டு பூட்டச் சொல்லி எந்தத் திட்டத்தில இருக்கு? ஆர் இந்த டிசைனைப் போட்டது?"

"காத்து, சேர்," என்றார் ராத்தா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலும் ஒரு சிரிப்புக் கேட்டது. "சரி, அறுவடை முடியுமட்டும் விடுங்கோ. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு விளக்கம் எழுதித் தாங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வேலையாட்களுக்கு அக்கா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். வந்ததற்கு அவர்கள் மூன்று வரிசையின் ஆணிகளையும் ஒருதரம் இறுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தப் போகம் மிளகாய் நன்றாக வந்தது. பழம் ஆய அக்காவுக்கு ஒத்தாசையாக நானும் ராத்தாவும் இறங்கினோம். கை எரிவு இரண்டு நாள் நின்றது. ஆய்ந்ததை வரிசை வரிசையாக வேறாக்கி நிறுத்தோம். இடைவெளி விட்ட வரிசைகள் வெட்டவெளியையும் மிஞ்சியிருந்தன. அக்கா தராசைப் பார்த்துவிட்டு, "நான் வராதெண்டு சொன்னனான்," என்று வாய்விட்டுச் சிரித்தார். "இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது?" பழத்தைப் பாயில் கொட்டிக் காயவைத்தபோது முற்றம் முழுக்கச் சிவப்பு.

எனக்கு அப்போதே எல்லாருக்கும் சொல்லவேண்டும் போலிருந்தது. ராத்தா விடவில்லை. "ஒருக்கா வந்ததை வச்சு ஒண்டும் சொல்லப்படாது. இது நாங்க யோசிச்சுச் செய்ததுமில்ல. அடுத்த வருசம் திட்டம் போட்டுச் செய்வம். அப்பவும் வந்தாச் சொல்லுவம்." நான் இயந்திரங்களோடு பழகியவள். சுவிட்சைப் போட்டால் வருமா வராதா என்று உடனே தெரியவேண்டும் எனக்கு. ஒரு பதிலுக்காக இன்னொரு கச்சான் காற்றுக் காலம் வரைக்கும் காத்திருப்பது புதுசாக இருந்தது.

அடுத்த வருடம் மூன்று விதமாகப் பிரித்துச் செய்தோம்: நெருக்கமாக ஒரு வரிசை, ஒன்று விட்டு ஒன்று ஒரு வரிசை, இரண்டு விட்டு ஒன்று ஒரு வரிசை. எந்த வரிசை எங்கே வரவேண்டும் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்தோம். நெருக்கமான வரிசை மறுபடியும் கிணற்றுப் பக்கத்துக்கே விழுந்தது. முடிவு போன வருடத்தைப் போல அவ்வளவு அழகாக வரவில்லை. ஒரு மூலையில் பூச்சி விழுந்து கெடுத்தது. ஆனாலும் ஒன்று விட்டு ஒன்று பூட்டிய வரிசைதான் மிளகாயில் மறுபடி முன்னுக்கு நின்றது. இன்னொன்றையும் நான் கண்டேன். கீழே பயிர் செழித்து நின்ற இடத்தில் பனலின் சூடு கொஞ்சம் குறைந்தது, அதனால் ஒவ்வொரு பனலும் கொடுத்த மின்சாரம் கொஞ்சம் கூடியது. பெரிய கூடுதல் இல்லை. என்றாலும் அந்த அளவைக் கண்ட அன்று ராத்தாவுக்கு உடனே போன் எடுத்தேன். "உங்கட கொச்சிக்காய் எனக்குக் கரண்ட் தருது ராத்தா," என்றேன். "கமிஷன் வேணும்," என்றார்.

நெருக்கமான வரிசையின் கீழே இப்போது அக்கா வல்லாரையும் பொன்னாங்காணியும் போட்டிருக்கிறார். அதற்கு அந்த நிழல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அண்ணையும் கதிரையை அங்கிருந்து நகர்த்தவில்லை. சனிக்கிழமைகளில் மூதூர்ப் பக்கமிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். அண்ணை எழும்பி நின்று முழுக் கதையும் சொல்லுவார். கயிறு எறிந்த கட்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும்.

எனக்கும் ராத்தாவுக்கும் இந்த வருடம் கிண்ணியாவில் இரண்டாவது தோட்டம் கிடைத்திருக்கிறது. வயல் ஓரம், களிமண் தரை, வேறு காற்று. சாம்பல்தீவில் கண்டது அங்கே சரிவருமா என்று தெரியாது. போன கிழமை சட்டத்துக்குக் குழி தோண்டினார்கள். மத்தியானம் ராத்தா வீட்டில் சாப்பாடு. அவருடைய கணவர் குசினியிலிருந்து மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சண்டை பிடிப்பீங்க எண்டு கேள்விப்பட்டன். இண்டைக்கு ஒண்டையும் காணல்லையே," என்றார்.

"சாப்பிட்டு முடிய விடுங்க," என்றார் ராத்தா. என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்துவிட்டு, இங்கே எந்தப் பயிரை முதலில் நடுவது என்று தொடங்கினார்.