உப்பு மேல கால்

2005-ல், மரக்காணத்தில் இருக்கும் எங்கள் உப்பளத்து வாய்க்காலில் பெரிய சிமெண்ட் குழாய் பதிக்க கிரேன் லாரி வரவழைத்தோம். பாரம் தூக்கும்போது லாரி சாயாமல் இருக்க, இருபுறமும் இரும்புக் கால்களை இறக்கி ஊன்றினார் டிரைவர். அதில் ஒரு கால் சேற்றில் இறங்கியது.

"அடியில வைக்க கட்டை இருக்குதாக்கா?" என்றார்.

கட்டைக்கு ஊருக்குள் போக வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. "உப்பு மூட்டை கல்லு மாதிரி இருக்குது, அதை வைப்பா" என்று சொல்லிவிட்டேன். அவரும் இரண்டு மூட்டைகளைப் போட்டு, அதன்மேல் காலை ஊன்றினார்.

குழாய் மேலே எழும்பியது. அதைப் பிடித்து இறக்க வாய்க்காலுக்குள் நின்றிருந்த என் கணவர் அப்போதுதான் மூட்டையைப் பார்த்தார். "உப்பு மேல கால் வைக்கலாமா? அறிவு இருக்குதா உனக்கு?" என்று கத்திக்கொண்டே கரையேறி என்னிடம் வந்தார்.

"அது மிஷின் காலுங்க" என்று சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் சாக்கு கிழிந்து உப்பு கொட்டியது. கால் புதைந்து லாரி சாய்ந்தது. வாய்க்காலில் என் கணவர் சற்றுமுன் நின்றிருந்த இடத்திலேயே குழாய் விழுந்து உடைந்தது. நல்லவேளை, டிரைவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எங்கள் கொட்டகையில் நான்கு தடித்த பலகைகள் இருக்கின்றன. அடுப்புக்குக் கேட்டால் யாருக்கும் தரமாட்டேன். கால் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் தூக்க விடுகிறேன். அப்போதும் அடியில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை.

ஆபத்து தெரிந்து அவர் மேலே வரவில்லை, என்னைத் திட்டத்தான் வந்தார். அன்று மட்டும் அவருக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்!