செத்தவீட்டுக்கு வந்த கதிரைகள்

நான் கலியாணம் கட்டிய வருடம், ஊர் அலுவலரான விதானை வாக்காளர் படிவத்தைக் கொண்டு வந்தபோது அம்மா என் பெயரை வெட்டினார். அண்ணையின் பெயரை அப்படியே விட்டார். இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. சந்தோசமாகச் சொன்னாள்.

"உன்ரை கொம்மா பேனையை அழுத்தி மூண்டு தரம் கீறினவ. பேப்பர் கிழியப் பாத்தது."

அண்ணை காணாமற்போய் அப்போது பத்து வருடம். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை, புகையிலைக்கு மருந்து வாங்கவென்று சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் போனவர். சைக்கிள் சந்தியில் ஆமிச் சென்றிக் காவலரணுக்குப் பக்கத்து மதிலில் சாத்திக் கிடந்தது. ஆளைக் காணவில்லை. அப்படி ஒருவரும் வரவில்லை என்று சென்றியில் சொன்னார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா அதற்கு முன்பே செத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு வருடமும் அந்தப் படிவத்தில் அண்ணையின் பெயரை எழுதிக் கொடுத்தார். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்பினார். பிறகு, பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு போய் ரோட்டோரத்துக் கொட்டகையில் அண்ணையின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வெயிலிலும் மழையிலும் இருந்தார். தோட்டம் காய்ந்தது.

அப்படிப்பட்ட மனிசியின் மகள் நான். நான் கட்டியது ஒரு ஆமிக்காரனை.

அவர் தமிழர்தான். மலையகத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தேயிலைக்குள் சாக விருப்பமில்லாமல், சண்டை முடிந்த பிறகு மேசன் வேலைக்கென்று ஆமியில் சேர்ந்தவர். நான் படிப்பித்த பாலர் பாடசாலையின் கூரையைத் திருத்த வந்தார். "நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்று சொல்வார், பிள்ளைகள் அந்த "வர்றேன்"ஐச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அண்ணை காணாமற்போன நேரம் அவர் எட்டாம் வகுப்பு. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"தமிழன் எண்டால் இன்னும் கேவலம்," என்றார் அம்மா. "அந்த உடுப்பைப் போட்டவன்ரை கையாலை நீ சோறு தின்னப் போறியோ? தின். இஞ்சை வராதை."

நான் போனேன். ஏழு வருடத்தில் ஐந்து வீடு. வவுனியா, அனுராதபுரம், கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு முகாம், திரும்ப அனுராதபுரம், இப்போது நீர்வேலி. மாற்றல் கடிதம் வந்தால் நான்கு நாளில் சாமானைக் கட்ட வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு காஸ் சிலிண்டர், மெத்தைக்குள் சுற்றின நிலைக்கண்ணாடி. ரயிலுக்கு அவருக்கு ஆமியின் இலவசப் பயண வாறண்டு கிடைக்கும். எனக்கு அது வெட்கம். யாழ்ப்பாணப் பக்கம் போகும் ரயிலில், அவரை அடுத்த பெட்டியில் போய் இருக்கச் சொல்லியிருக்கிறேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு, புருசன் வெளிநாட்டில் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, யன்னலுக்கு வெளியே நின்று, யாரோ மாதிரி நீட்டுவார். நானும் யாரோ மாதிரி வாங்குவேன்.

ஆமிக் குவாட்டர்ஸில் இருந்த சிங்களப் பெண்கள் நல்லவர்கள். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை. மகள் பிறந்தபோது அவர்கள்தான் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். என்னை நங்கி, தங்கச்சி, என்பார்கள். நங்கியின் வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள்.

"அம்மா மட்டும்."

"சகோதரம் இல்லையா?"

"இல்லை."

இருந்த குவாட்டர்ஸ் எல்லாவற்றிலும் இப்படித்தான் சொன்னேன். இருக்கு என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். அவர்களின் புருசன்மாரும் அந்த உடுப்புத்தான். அம்மா என்னைப் பேனையால் வெட்டினார். நான் அண்ணையை வாயால் வெட்டினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மகளுக்கு ஒன்றரை வயதில் ஒரு தரம் அவளைத் தூக்கிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். அம்மா என்னைக் கண்டதும் கிணற்றடிக்குப் போய்த் தண்ணி அள்ளத் தொடங்கினார். வாளி வாளியாக அள்ளி வாழைக்கு ஊற்றினார். நாங்கள் முற்றத்தில் நின்றோம். மகள் தாகத்தில் அழுதாள். அம்மா ஒரு செம்பில் தண்ணி கொண்டுவந்து படியில் வைத்தார்.

"பிள்ளைக்கு," என்றார்.

திரும்பவும் கிணற்றடிக்குப் போய்விட்டார். பிள்ளையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

போன வருடம் அவருக்கு மறுபடி யாழ்ப்பாணம் கிடைத்தது. முகாமில் குடும்பத்துக்கு இடமில்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். வாசலில் காய்ந்த ஆமிச் சப்பாத்தைக் கண்டு வீட்டுக்காரருக்கு விசயம் விளங்கிவிட்டது. வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. கதைக்கிறதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெடியன் சொன்னான்: "அக்காவுக்கு சீற் குடுங்கோடா. இல்லாட்டி ஆமிக்காரர் ஊரைச் சுத்தி வளைப்பினம்." பஸ் சிரித்தது. நான் அந்த சீற்றில் இருந்தேன். கால் வலித்தது, இருந்தேன்.

அம்மா கிணற்றடியில் விழுந்து செத்த செய்தியை மாமாவின் மகன் காலையில் போனில் சொன்னார்.

"மாமி போட்டா. நீயும் பிள்ளையும் வாங்கோ. அவரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

"கதிரை, கொட்டகையெல்லாம்?"

"வாசிகசாலைக் கதிரை வேறை செத்தவீட்டுக்குப் போட்டுதாம். பாப்பம்."

எனக்கு அது பொய்யென்று பட்டது. என்னால்தான் கதிரை தரவில்லை, என்னால்தான் ஊர் அம்மாவைத் தூக்காது என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் செத்தவீட்டுச் சடங்கில் உரலில் சுண்ணம் இடிக்கிற நேரத்தில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு பிரேதத்தைச் சுற்றி நிற்பார்கள். தடியில் வெள்ளைத்துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தம். அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு பேத்தி. அவள் அம்மாவின் தலைமாட்டில் அந்தப் பந்தத்தோடு நிற்க வேண்டும். ஊர் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் என் பெயரைத் திரும்ப அந்த வீட்டில் எழுதின மாதிரி. அதற்கு ஒழுங்கான செத்தவீடு வேண்டும்.

"உங்கடை ஆக்களிட்டைக் கதிரை எடுக்கலாமோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேட்டா குடுப்பாங்க. முகாம் பெரியவர் நல்ல மனுசன்."

"ஒரு அம்பது போதும்."

முகாமில் ஒருவன் வீட்டில் சாவு என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அனுராதபுரத்தில் எத்தனை செத்தவீட்டில் பார்த்திருக்கிறேன். கதிரை தனியாக வராது. ஆட்கள் வருவார்கள், மலர்வளையம் வரும், வரிசையாக நின்று மரியாதை செய்வார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணிகூட ஊற்றியிருக்கிறேன். அவ்வளவும் தெரிந்துகொண்டு "ஐம்பது கதிரை" என்று கேட்டவள் நான். ஏழு வருடத்தில் அது எனக்கு வழமையாகிப் போயிருந்தது.

நாங்கள் மூவரும் போனபோது வீடு நிறைந்திருந்தது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. அவர் வேட்டியோடு மாட்டுக் கொட்டிலடியில் போய் நின்றார், அவரையும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டோரக் கொட்டகைத் தாய்மார் பன்னிரண்டு பேரளவில் வந்திருந்தார்கள். அம்மாவைச் சுற்றி இருந்து, தோளில் தோள் போட்டு, ஒப்பாரி வைத்தார்கள். அவர்களின் ஒப்பாரியில் அண்ணையும் வந்தார். "நீ வருவாய் எண்டு வாசல் பாத்த கொம்மா, வாசலாலை போறாளடா ராசா" என்று ஒருத்தி அண்ணையைக் கூப்பிட்டு அழுதா. நான் அவர்களுக்கு நடுவில் விழுந்து அழுதேன். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு அண்ணையின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

அப்போதுதான் ட்ரக் வந்து நின்றது.

ஐம்பது கதிரை. முதுகில் இலக்கம் அடித்த கதிரைகள். உடுப்போடு எட்டுப் பேர். இருபது வயதுப் பொடியன்கள். சத்தம் போடாமல் இறக்கி, முற்றத்தில் வரிசை பிசகாமல் அடுக்கினார்கள். பிறகு இரண்டு பேர் சிங்கள எழுத்துப் போட்ட மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவின் காலடியில் வைத்தார்கள். வெளியே மற்றவர்கள் தொப்பியைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. தங்களுக்குப் பழக்கினதைச் செய்தார்கள்.

ஒப்பாரி நின்றது.

நான் பல செத்தவீட்டில் இருந்திருக்கிறேன். அழுகை குறையும், கூடும். அப்படி வெட்டினமாதிரி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தாய்மார் ஒவ்வொருவராக எழும்பினார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். ஒருத்தி நின்றா. இரண்டு மகன்மாரைத் தேடுகிறவ. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து இத்தனை வருடமும் ஒரே பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணி குடித்தவ.

"பிள்ளை, உன்னிலை எங்களுக்குக் கோவமில்லை," என்றா. "உவையளுக்கு முன்னாலை நாங்கள் அழமாட்டம். கொம்மாவும் ஒருநாளும் அழுததில்லை. கேட்டுப்பார்."

கேட்கிறதுக்கு அம்மா அங்கே வாயைக் கட்டிக் கிடந்தார்.

நான் கொட்டிலடிக்குப் போனேன். அவர் ஏற்கனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"அவையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றேன்.

"சரி. கதிரை?"

"எல்லாத்தையும்."

"நான்?"

முற்றத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் படலைப் பக்கம் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முதல் கதிரையைத் தூக்கினார். மலர்வளையத்தை எடுக்க மட்டும் அவர் உள்ளே வரவில்லை. அதை நான் எடுத்துக் கொடுத்தேன்.

மகளுக்கு ஆறு வயது. அப்பா கதிரை தூக்குவதைக் கண்டு ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்தாள்.

"அப்பா எங்கை போறீங்கள்?"

"நீ அம்மாவோட இரு. பந்தம் பிடிக்கணும்னு அம்மா சொன்னாள்ல?"

"நீங்கள் நிண்டால்தான் பிடிப்பன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள். படலைக்கு வெளியே தாய்மார் நின்றார்கள். அம்மாவுக்கு அழ ஆட்கள் வேண்டும். நான் கூப்பிடவில்லை. அவர் அவளைத் தூக்கி ட்ரக்கின் முன் சீற்றில் வைத்தார்.

ட்ரக் போனதும் தாய்மார் திரும்பி வந்தார்கள், விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். ஒரு மணித்தியாலத்தில் வாசிகசாலைக் கதிரைகள் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கின. உண்மையாகவே வேறு செத்தவீட்டுக்குத்தான் போயிருந்தன. மாமாவின் மகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போனார். ஏசியிருக்கலாம். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

சுண்ணம் இடிக்கும்போது ஐயர் கேட்டார்: "பேரப்பிள்ளையள் எங்கை? வரச்சொல்லுங்கோ."

ஒருவரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் பாடுபட்டார்கள். மாமாவின் மகன் தன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து பந்தத்தைக் கொடுத்தார். அவரே கொள்ளியும் வைத்தார். என் மகளுக்கென்று கட்டின சின்னப் பந்தம் தட்டத்தில் அப்படியே கிடந்தது, நெய் ஊறினபடி.

பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை. ஒழுங்கை முடியும்வரை போய்த் திரும்புவோம். அந்த மூலையில் நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரிய ரோட்டுக்கு மறுபக்கம், மதகடியில், அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். ட்ரக்கை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். பாடை கடக்கும்போது காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் நிற்கிறமாதிரி நின்றார். அவருக்கு வேறு மாதிரி மரியாதை செய்யத் தெரியாது. மகள் எனக்குக் கையைக் காட்டினாள். நான் கையை உயர்த்தவில்லை. தாய்மாரோடு திரும்பி நடந்தேன்.

இதற்காக அவர் என்னை ஒரு சொல் ஏசியதில்லை. ஏசினால் நல்லது என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலையில் நாங்கள் மூவரும் எல்லாருக்கும் பின்னால் நின்றோம். ஐயர் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டார். மாமாவின் மகன் அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னார். வேறு ஆராவது, என்று ஐயர் கேட்டார். மாமாவின் மகன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த கிழமை, அம்மாவின் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விதானை வந்தார். வருடாவருடம் வருகிற அதே படிவம். அதில் இரண்டு பெயர் அச்சடித்திருந்தது. அம்மாவின் பெயரை நான்தான் வெட்டினேன். ஒரு கீறு, மெல்லிசாக.

"அப்ப இந்த வீட்டிலை இப்ப ஆர்?" என்று விதானை கேட்டார்.

என் பெயரை எழுத ஏலாது. என் வாக்கு அனுராதபுரத்தில், முகாம் முகவரியில் இருக்கிறது. விதானைக்கும் அது தெரியும்.

"அண்ணை இருக்கிறார்," என்றேன்.

விதானை பேனையைத் திறந்தும் மூடியும் கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார். போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு நீர்வேலி பஸ்ஸுக்கு நடந்தேன்.