இடது கன்னம்

காரை விட்டு இறங்கிவிட்டால் அவளுக்கு ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரத் தெரியாது. ஓட்டலில் மூன்று நாற்காலி மாறுவாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்து அவருக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்வாள். இத்தனைக்கும் நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிறவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில், கற்கிறவருக்கு இடப்பக்கம், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். ‘பிரேக் அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தவிப்பு செருப்புக் கடையில் தொடங்கியது. அன்று கூட வந்தது அவளுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெளியே வெயிலா மழையா என்றே தெரியாத அறையில் காலம் தள்ளுகிறவள். கடைப்பெண் அந்த அக்காவைப் பார்த்து, “உங்க அக்காவுக்கு மெத்துன்னு ஏதாவது காட்டட்டுமா?” என்று கேட்டு, இவளைக் கைகாட்டினாள். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

இவள் செருப்பு வாங்காமலே வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றாள். வலப்பக்கத்தில் அவளுடைய வயதுதான் தெரிந்தது. இடப்பக்கத்தில் கண்ணோரம் வரிவரியாகக் கோடுகள், கன்னத்தில் பழுப்புத் திட்டுகள், தடித்துத் தளர்ந்த தோல். ஒரே கழுத்தின் மேல் இரண்டு பேர் குடியிருந்தார்கள். இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் எந்த உலகத்தில் இருந்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சிரித்த பாவத்துக்கு அக்காதான் அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கார் ஜன்னலை ஏற்றி ஏசி போட்டுத்தான் ஓட்டுகிறோம், மேலே வெயிலே படாது என்று இவள் சாதித்தாள். மருத்துவர் பொறுமைசாலி. தோலைச் சிவக்க வைத்து எரிக்கிற கதிர்களைத்தான் பக்கத்துக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும் என்றார். ஆழத்தில் போய்த் தோலின் இறுக்கத்தைக் கெடுக்கிற கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வரும், மேகமாக இருந்தாலும் வரும். எரிச்சல் இல்லாததால் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. திட்டுகளை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இப்போது பயப்பட ஒன்றுமில்லை, எதுவாவது வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ ஆறாமல் இருந்தாலோ உடனே ஓடி வரவேண்டும் என்று எச்சரித்தார். சன்ஸ்கிரீனைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூச வேண்டும், காதையும் கழுத்தையும் விடக்கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, கறுப்புக் கண்ணாடி. சட்டம் அனுமதித்தால் ஜன்னலுக்கு, கதிரைத் தடுக்கும் படலம். பழசு போய்விடுமா என்று கேட்டாள். கொஞ்சம் மங்கும், முழுசாகப் போகாது, இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவில் அவள் காதில் ஏறியது ‘முழுசாகப் போகாது’ என்பது மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்தா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கார் கற்க வரவேண்டும்? மனைவியை இழந்தவர், காசைப் போல வார்த்தையையும் எண்ணிச் செலவழிக்கிறவர். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியைத் துள்ள வைத்துவிட்டு, வண்டியிடமே மன்னிப்புக் கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். சில வாரங்களில் அது வெறும் சிரிப்பாக இல்லை.

அவர் முகங்களைப் பார்த்தே பிழைக்கிறவர். மூக்குத்தண்டின் அகலம், காதுகளின் உயரம் என்று அளந்து அளந்து பழகிய கண். அந்தக் கண்ணுக்கு வலக்கன்னம் மட்டுமே தெரியும்படி அவள் படாத பாடு பட்டாள். அவர் வருமுன்பே காரில் ஏறிக்கொள்வாள். அவர் இறங்கிப் போன பிறகே இறங்குவாள். வெயிலுக்கென்று மருத்துவர் சொன்ன துணியை இடப்பக்கம் தாராளமாக இழுத்துவிட்டு முடிந்துகொள்வாள்.

அவருக்கு உரிமம் கிடைத்தது. பழைய கார் ஒன்றையும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் போய்வரலாமா, கொஞ்சம் பேச வேண்டும் என்று கேட்டார். என்ன பேசுவார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அன்று காலையில் அவள் வீட்டையே இரண்டாக்கினாள். பவுடர் பூசினாள், அது கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவற்றை இன்னும் எடுத்துக்காட்டியது. கழுவினாள். ஏரிக்குப் போகவில்லை என்றாள். போகிறேன் என்றாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அவர் ஓட்டுவார், நீ பக்கத்துல உக்காருவ. உன் இடது கன்னத்தை ஜன்னல்தான் பாக்கப் போகுது. எதுக்குடி இந்தப் பாடு?”

அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, சாவியை அவளிடம் நீட்டினார். “இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல.”

அவளுக்குத் திக்கென்றது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூட அகப்படவில்லை; ஓட்டத் தெரியாது என்று அவளால் சொல்ல முடியுமா? ஏறி உட்கார்ந்தாள். கண்ணோரம் துணி தொங்கினால் பக்கத்தில் வருவது மறையும் என்று எத்தனையோ பேரை அவளே திட்டியிருக்கிறாள். முடிச்சை அவிழ்த்தாள். துணியை மடியில் போட்டாள்.

ஏரிச் சாலையில் திரும்பியதும் வெயில் அவர் பக்கம் வந்தது. அவர் இவள் பக்கம் திரும்பியிருப்பது பார்க்காமலே தெரிந்தது. கன்னம் கூசியது. சிக்னல் சிவப்பில் நின்றதும் அவளால் அடக்க முடியவில்லை.

“நல்லா பாத்துக்கோங்க. பேசறதுக்கு முன்னாடி இதையும் பாத்துட்டுப் பேசுங்க.”

அவர் தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினார். பக்கவாட்டு வெயிலுக்கு அது போதவில்லை. உள்ளங்கையால் தன் கன்னத்தை மறைத்தார். ஜன்னலைப் பார்த்தார். அவள் கன்னத்தைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

“இந்த சீட்டுல இவ்வளவு வெயிலா?” என்றார், தப்புச் செய்தவர் குரலில். “இத்தனை நாளும் நான் உங்க நிழல்ல உக்காந்துதான் ஓட்டக் கத்துக்கிட்டேனா?”

விளக்கு பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை. கண் நிறைந்து சாலை மறைந்திருந்தது, கண் தெரியாமல் வண்டி எடுக்கக் கூடாது.