நாலு வாசல் காட்டேஜ்

ஆமத்தூர் அய்யம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். 2006 தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும், புருஷன் முனியராஜ் அவளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனான்.

லாட்ஜ் மேனேஜர் மூன்றாம் மாடியில் ஒரு ரூமைத் திறந்து ஜன்னல் திரையை விலக்கினார். கடல் கண்முன் விரிந்தது. அய்யம்மாள் அதைப் பார்க்கவேயில்லை. ரூமைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒத்த வாசல்தானா? ஒரு பொறி விழுந்தா எங்கிட்டு ஓட, அண்ணாச்சி?"

"இங்க ஏம்மா பொறி விழப்போகுது?"

"எங்க கம்பெனியிலயும் விழணும்னு யாரும் நெனைக்கிறதில்ல."

முனியராஜ் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் எல்லாப் பக்கமும் வாசல் வைத்த மருந்து அறையில் இருபது வருஷமாக உட்கார்ந்தவள் அவள், சொன்னால் சொன்னதுதான். இன்னும் இரண்டு ரூம்களைக் காட்டியும் அவள் மசியவில்லை. எரிச்சலான மேனேஜர், யாரும் சீந்தாத பழைய ஓட்டுக் காட்டேஜின் சாவியை எடுத்து நீட்டினார்.

அது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைமேட்டில் தனியாக நின்றது. நாலு பக்கமும் வாசல்! அய்யம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாலு கதவுகளையும் விரியத் திறந்தாள். வடக்கே தென்னந்தோப்பும் மலையும்; மற்ற மூன்று வாசலிலும் கடல். காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் எட்டிப்பார்த்தார். அய்யம்மாள் வாசலில் காலை நீட்டி, கடலைப் பார்த்தபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் திருப்தியாம்மா?"

"மூணு வாசலை உங்க கடல் மறிச்சுக்கிட்டுக் கெடக்கு, அண்ணாச்சி. சரி போகட்டும், பொறி விழுந்தா அணைக்க அம்புட்டுத் தண்ணியும் பக்கத்துலயே இருக்குல்ல!"