ஒரு நாளைக்கு எத்தனை ரூம்?

லீவில் ஊருக்கு வந்த மறுநாள் காலை, சேலையூரில் என் சொந்த ரூம் கதவை மூன்று தரம் தட்டிவிட்டு ஓரமாக நின்றேன். உள்ளே யாரும் இல்லை. பல் தேய்க்கப் போனவன் திரும்பி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"யாருடா அது?" கிச்சனிலிருந்து அம்மா கத்தினாள்.

"நான்தாம்மா."

"உன் ரூமுக்கு நீயே எதுக்குடா தட்ற, லூசு?"

கதவைத் தட்டி, மூன்று எண்ணி, பிறகு சாவி போடுவதுதான் அயர்லாந்தில், கால்வே ஊரில் ஒரு ஹோட்டலில், ஒன்றரை வருஷமாக என் பிழைப்பு. அம்மாவுக்குத் தெரிந்த கதை வேறு. அதில் நான் கோட் போட்டுக்கொண்டு ரிசப்ஷனில் நிற்கிறேன்.

பொய்யை நான் பிளான் பண்ணவில்லை. ஹாஸ்பிடாலிட்டி மேனேஜ்மென்ட் ஒரு வருஷம் படித்து முடித்ததும் முதல் இன்டர்வியூ ரிசப்ஷனுக்குத்தான். அன்றே வீடியோ காலில் "கிடைச்ச மாதிரிதாம்மா" என்று சீன் போட்டுவிட்டேன். கிடைத்தது ஹவுஸ்கீப்பிங். மெத்தை, பாத்ரூம், வேக்யூம். வேலையில் ஒரு அசிங்கமும் இல்லை, பேச்சுதான் இல்லை. ஆள் வெளியே போன பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம். நாள் முழுக்க மனிதர்களின் தலைமுடி, ஈரத்துண்டு, பாதி குடித்த காபி. மனிதர்கள் மட்டும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான்களுக்கு இந்த ஃபீலிங் தெரியும். ஒருநாள் தனியாகத் தங்கியிருந்த வயதான பெண்மணி ஒருவர் கதவைத் திறந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், நம் ஊர் "சாப்டீங்களா"வை அப்படியே இங்கிலீஷில் கேட்டேன். அவர் பதறிப்போய் ஹேண்ட்பேக்கைத் துழாவி, பிரேக்ஃபாஸ்ட் கூப்பனை எடுத்து நீட்டினார். டிக்கெட் செக்கர் மாதிரி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அந்த வாரத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், அம்மாவோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் மெர்சி ஆன்ட்டி கீழ்க்கட்டளையிலிருந்து மகள் ஜெனியோடு வந்துவிட்டார். ஜெனிக்கும் அதே கோர்ஸ், அதே நாடு. அதற்காகக் கேளம்பாக்கம் பக்கம் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டை விற்கிறார்கள், புதன்கிழமை அட்வான்ஸ். "உன்னப் பாத்துதான்பா தைரியமே வந்துச்சு," என்றார் ஆன்ட்டி. நான் தட்டிலிருந்த பஃப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். யூகேஜி காலத்தில் யார் வந்தாலும் என்னை ரைம்ஸ் சொல்ல வைப்பாள். மாட்டேன் என்றால் தொடையில் கிள்ளு விழும். இருபத்தைந்து வயதிலும் எனக்கு விடுதலை இல்லை.

"அங்க காலேஜ்ல பெட்டு போடறதுக்குக்கூட கிளாஸ் எடுப்பாங்களாம் மெர்சி! டேய், ஆன்ட்டிக்குப் போட்டுக் காட்டு."

"அம்மா, ப்ளீஸ்."

"ரொம்பப் பண்ணாதடா."

எல்லோரும் என் ரூமுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். துவைத்த பெட்ஷீட் ஒன்றை உதறினேன். அதற்கப்புறம் கை தானாக ஓடியது. ஒரே வீச்சில் ஷீட் விழுந்தது. முழங்காலால் மெத்தையைத் தூக்கி, மூலையை மடித்துச் செருகி, உள்ளங்கையால் ஒரு இழுப்பு, அடுத்த மூலை. முடித்ததும் குனிந்து, யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று கட்டிலுக்கு அடியில் வேறு பார்த்துத் தொலைத்தேன்.

ஆன்ட்டி கைதட்டினார். ஜெனி தட்டவில்லை.

"அண்ணா, ஒரு நாளைக்கு எத்தன ரூம்?"

"பதினாறு."

வாய் சொல்லிவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, தலையணையைப் பார்த்தாள்.

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? "ஃபீஸ், தங்குறது எல்லாம் சேத்து இருபத்திரெண்டு லட்சம் ஆன்ட்டி. வாடகை, சாப்பாடு போக மாசம் நாப்பதாயிரம் அனுப்புறேன், அது லோனுக்கே சரியாப் போகுது. விசா இன்னும் ஆறு மாசம்தான். அதுக்குள்ள பெரிய வேலை கிடைக்கலன்னா பெட்டியக் கட்டணும்."

"அப்போ வேணாங்கிறியாப்பா?"

"அப்படிச் சொல்லல. என் கிளாஸ்ல ரெண்டு பேர் ரிசப்ஷன்ல நிக்கிறாங்க. இங்கயே ஓஎம்ஆர்ல ஒரு ஹோட்டல்ல ஜெனி ஒரு வருஷம் வேல பாக்கட்டும். புடிச்சா போகட்டும். இப்பவே இடத்த விக்காதீங்க."

ஜெனி கேட்டாள், "அங்க உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா அண்ணா?"

"பஃப்ஸ் ஆறிடும், சாப்பிடு," என்றேன். கேட்டைத் தாண்டும்போதே ஆன்ட்டி யாருக்கோ போன் போட்டு, "புதன்கிழமை வேணாங்க, அப்புறம் சொல்றேன்," என்று பேசிக்கொண்டு போனார்.

அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அம்மா என் ரூமில் நின்று, நான் செருகிய மூலைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

"திட்டும்மா, பரவால்ல."

"இவ்ளோ இறுக்கிப் போட்டா கால எப்படிடா நீட்டுவ?" மெத்தையை ஒருதரம் தட்டினாள். "படு."

பட்டப்பகலில் படுத்தேன். ஷீட் லூசாக, ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. அம்மா ஃபேன் போட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள். இன்னும் பதினொரு நாளில் எனக்கு ஃபிளைட். நான் கிளம்பியதும் அவள் இங்கே வந்து இந்த ஷீட்டை உருவுவாள், தலையணை உறையைக் கழற்றுவாள், ஜன்னலைத் திறந்து வைப்பாள். முன்பின் தெரியாதவர்கள் காலி பண்ணிப் போன ரூமில் கால்வேயில் நான் என்னவெல்லாம் செய்கிறேனோ, அத்தனையும்.